கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி: இசை இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் இசை இதழ்களையும் இணையத்தில் இசைப் பக்கங்களையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என் கையெழுத்து தெரியும். 35 ஆண்டுகளுக்கு மேல் உங்களுக்கும் உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலிகளில் இருந்தவர்களுக்கும் எழுதித் தந்திருக்கிறேன். என் வாக்கியங்களை நீங்கள் வெட்டினீர்கள். பெரும்பாலும் சரியாகத்தான் வெட்டினீர்கள். இந்த மடலை மட்டும் நீங்கள் வெட்ட முடியாத மொழியில் எழுதுகிறேன். அடுத்தவர் பாட்டைப் பற்றிப் பேச எனக்கு ஆங்கிலம் போதும். என் பாட்டு எப்படித் தோற்றது என்று சொல்ல வாயெடுத்தால் தமிழ்தான் வருகிறது. மொழிபெயர்த்துச் சொல்ல யாராவது கிடைப்பார்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் ஓர் இளம்பெண் என்னைப் பார்க்க வந்தாள். வயது 24. நன்றாக எழுதுகிறாள். கேட்டதைக் கேட்டபடி எழுதும் கை அவளுக்கு. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மூன்று பேர் கொண்ட ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். மதுக்கடை மாடியில் 40 பேர் வந்தால் அவர்களுக்குத் திருவிழா. உங்களில் ஒருவர் அவளுக்கு அனுப்பிய கடிதத்தைக் காட்டினாள். எவர் என்று சொல்லப் போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். இசைக்குழுவில் இருப்பவர்களும் கடந்த ஐந்தாண்டுகளில் இருந்தவர்களும் எங்களுக்கு மதிப்புரை எழுத முடியாது என்று அதில் இருந்தது. மரியாதையான கடிதம், ஒரு பிழைகூட இல்லை. அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அங்கிள், எதை விடட்டும்?”

பதில் சொல்லாமல் தேநீர் போடப் போய்விட்டேன். இந்த மடல்தான் பதில்.

உங்கள் விதி அன்றைக்கு நடைமுறையில் இருந்திருந்தால் யார் யாரை இழந்திருப்போம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பின்னாளில் ‘பெட் ஷாப் பாய்ஸ்’ என்ற இருவர் குழுவின் பாடகரான நீல் டென்னண்ட் 1982-ல் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ இதழில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் குழுவின் மற்றவரான கிறிஸ் லோவைச் சந்தித்துப் பாட்டுக் கட்டத் தொடங்கி ஓராண்டு ஆகிவிட்டது. இருவரும் சந்தித்தது செல்சியில், கிங்ஸ் ரோட்டில் ஒலிக்கருவிகள் விற்கும் ஒரு கடையில். 1983-ல் ‘தி போலீஸ்’ குழுவைப் பேட்டியெடுக்க இதழின் செலவில் நியூயார்க் போனவர், அங்கேயே பாபி ஒர்லாண்டோ என்ற தயாரிப்பாளரையும் பார்த்துவிட்டு வந்தார். ‘வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்’ பாட்டின் முதல் வடிவம் 1984-ல் வெளிவந்தபோதும் அவர் இதழில்தான் இருந்தார். 1985-ல்தான் விலகினார். 1986 ஜனவரியில் அதே பாட்டின் புதிய பதிவு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. உங்கள் கணக்குப்படி அவர் அந்த மேசையில் ஒருநாள்கூட உட்கார்ந்திருக்கக் கூடாது.

‘என்எம்இ’ என்ற இசை வாரத்தாளில் எழுதிய நிக் கெண்ட் 1975-ல் சில மாதங்கள் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவோடு கிட்டார் வாசித்தவர். அப்போது அந்தக் குழு மேடையே ஏறவில்லை. அதே இதழின் சார்ல்ஸ் ஷார் மரே தனியாக ஒரு குழு வைத்து மௌத் ஆர்கன் ஊதினார். அமெரிக்காவில் லென்னி கே மதிப்புரைகளும் எழுதினார், பாடகி பாட்டி ஸ்மித்துக்குப் பின்னால் நின்று கிட்டாரும் வாசித்தார். பாட்டி ஸ்மித்தே இசை இதழ்களில் எழுதியவர்தான். பாப் ஸ்டேன்லி ‘மெலடி மேக்கர்’ இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் 1990-ல் அவருடைய செயின்ட் எட்டியென் குழு பிறந்தது. ‘என்எம்இ’-யில் எழுதிய பால் மோர்லியின் கதை எல்லாவற்றையும் விட வேடிக்கை. ‘ஆர்ட் ஆஃப் நாய்ஸ்’ குழுவில் இருந்த ஐந்து பேரில் அவர் ஒருவர். எந்தக் கருவியையும் தொடாத உறுப்பினர். பெயர் சூட்டுவதும் உறையில் வாசகம் எழுதுவதும் குழுவுக்கு ஒரு கொள்கை உண்டு என்று ஊரை நம்ப வைப்பதும் அவர் வேலை. 1985-ல் மற்றவர்கள் அவரையும் தயாரிப்பாளர் டிரெவர் ஹார்னையும் விட்டுவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். இதழாளனாக இருந்து இதைவிடப் பொருத்தமான ஒரு முடிவை நான் கேள்விப்பட்டதில்லை.

இவர்களெல்லாம் பெரிய ஆட்கள். என் கதை சின்னது. ஆனால் உங்கள் விதிக்கு எதிராக நான் கொண்டுவரக்கூடிய சாட்சியம் அது ஒன்றுதான்.

1980-ல் எழுதத் தொடங்கினேன். அப்போது வாரந்தோறும் வெளிவந்த இசைத்தாள்களே நான்கு. எனக்கு வாய்த்தது சிங்கிள்கள் பக்கம், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று வரும் சின்னத் தட்டுகளுக்கான மதிப்புரை. வியாழக்கிழமை மாலை ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர், 50 தட்டுகள் கொண்ட அடுக்கு. இரவு பதினொன்றுக்குள் முடித்தாக வேண்டும். முதல் முப்பது விநாடி, பிறகு முள்ளைத் தூக்கி நடுவில் ஓரிடம், அவ்வளவுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பாட்டு சோறு இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. எழுதி முடித்ததும் தட்டுகளைப் பையில் போட்டு நாட்டிங் ஹில் பக்கம் பழைய தட்டுக் கடையில் விற்றுவிடுவேன். எங்களில் பாதிப் பேருக்கு வாடகை அதில்தான் ஓடியது. கேலியாக எழுதினால் பத்து வரி அச்சாகும், நிதானமாக எழுதினால் மூன்று வரி. 22 வயதில் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் ஒரு குழுவின் டிரம்ஸ் வாசிப்பவரைப் பற்றி ஒரு வரி எழுதினேன். வீடு மாற்றுகிறவன் அட்டைப்பெட்டியை மாடிப்படியில் உருட்டிவிட்டது போல இருக்கிறது என்று. அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரம் அந்த வரியின் புகழில் நடந்தேன்.

1983 வசந்தத்தில் நண்பர்கள் மூன்று பேர் ஒரு பாப் குழு தொடங்கினார்கள். நான்காவதாக என்னைச் சேர்த்தார்கள். காரணம் இசை ஞானம் இல்லை. என்னிடம் ரோலண்டு எஸ்ஹெச்-101 கீபோர்டு இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும் கருவி அது, எனக்கு ஏற்றது. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதை வைத்தது நான்தான் என்பது போதும். பதினொரு மாதம், பதினான்கு மேடைகள், ஒரு சிங்கிள். 500 பிரதிகள் அடித்தோம். உறைகளை ஒரு சமையலறை மேசையில் நாங்களே மடித்து ஒட்டினோம். பெயர் தெரியாத குழுக்களின் தட்டுகளையும் ஒலிபரப்பும் ஜான் பீல் இரவு பத்து மணிக்கு பிபிசி வானொலியில் பேசத் தொடங்கும்போது, எங்கள் தட்டு வருமா என்று நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படி உட்கார்ந்திருந்த இளைஞர்கள் அன்று இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பேரோ.

ஒலிப்பதிவு நாளைத்தான் சொல்ல வேண்டும். தென் லண்டனில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே ஒரு கூடம். ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டும். 1981-ல் ஃபில் காலின்ஸ் என்ற பாடகரின் ‘இன் தி ஏர் டுனைட்’ பாட்டு வந்ததிலிருந்து எல்லோருக்கும் அதே டிரம்ஸ் ஒலி வேண்டும். பெரிய கல் அறையில் அடியின் எதிரொலியை ஒரு மைக்கில் பிடித்து, அதை ஊதிப் பெரிதாக்கி, தேய்ந்து மறைவதற்குள் சட்டென்று கத்தரித்துவிடுவார்கள். வெடித்து அப்படியே நின்றுபோகும் அந்த ஓசை. ஹியூ பேட்ஜம் என்ற ஒலிப்பதிவாளரின் கைவண்ணம் அது. எங்கள் ஒலிப்பதிவாளர் அதை எங்களுக்கும் தருவதாகச் சொன்னார். எங்கள் அறையில் கை தூக்கினால் கூரை இடித்தது, தரையில் கம்பளம். எதிரொலி எங்கிருந்து வரும்? ஐந்து மணி நேரம் போனது. டிரம்ஸ் வாசித்த பையன் ஒரே அடியை, ஒரே இடத்தில், நூற்றுக்கணக்கான தடவை அடித்தான். மதியத்துக்கு மேல் அவன் மணிக்கட்டு நடுங்கியது. டிரம்ஸின் தோல் மேல் ஒட்டு நாடா ஒட்டினோம், உள்ளே என் கம்பளிச் சட்டையைத் திணித்தோம், பிறகு எடுத்தோம். கட்டிய வாடகையில் பாதி நேரம் முடிந்துவிட்டது, பாடகி இன்னும் ஒரு வார்த்தை பாடவில்லை. “இது போதும், பின்னால் சரி செய்துகொள்ளலாம்” என்றார் ஒலிப்பதிவாளர். பின்னால் என்று ஒன்று வரவே இல்லை.

தட்டு அச்சாகி வந்தது. வீட்டில் போட்டுக் கேட்டேன். அட்டைப்பெட்டியை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு. விமர்சகர்கள் எல்லோரும் தோற்றுப்போன இசைக்கலைஞர்கள்தான் என்று இசைக்கலைஞர்கள் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். ஆடியவனுக்கு ஆடத் தெரிந்திருந்தது. இது தெரிய எனக்கு ஐந்து மணி நேரமும் ஒரு கம்பளிச் சட்டையும் தேவைப்பட்டன. பழைய இதழைத் தேடியெடுத்து நான் எழுதிய அந்த வரியை மறுபடி படித்தேன். அந்த டிரம்ஸ்காரரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, பிறகு வேலை வந்துவிட்டது.

மேடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரு மதுக்கடையில், விளக்குச் சூட்டில் என் கீபோர்டின் சுருதி மெல்ல நகர்ந்துகொண்டே போனது. மேடையில் எனக்கு டிரம்ஸைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மூன்று பாட்டு முழுக்க அரைச் சுரம் தள்ளி நின்று உற்சாகமாக வாசித்திருக்கிறேன். கீழே கையில் குறிப்பேடு வைத்திருந்த யாராவது இருந்திருந்தால் இவருக்குக் காதே கிடையாது என்று எழுதியிருப்பார். நான் எழுதியிருப்பேன்.

எங்கள் சிங்கிளுக்கு ஒரே ஒரு மதிப்புரைதான் வந்தது. தாளைத் தெருமுனைக் கடையில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். இரண்டு வரி. பாட்டு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கீபோர்டு வாசிப்பவர் வேறொரு தாளில் எழுதுகிறவர், பகல் வேலையை விடாமலிருப்பது அவருக்கு நல்லது என்பது போல ஏதோ இருந்தது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். அந்தக் கையில் மோதிரமும் இல்லை, அது எங்கள் தலையில் விழவும் இல்லை. என் தொழிலைக் குட்டிவிட்டுப் போய்விட்டது. தட்டை அவர் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அந்த ஜன்னல் இல்லாத அறையை எனக்குத் தெரியும்.

1984 தொடக்கத்தில் குழு கலைந்தது. சண்டை எதுவும் இல்லை. கிட்டார்காரருக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி உங்களுக்குச் சாதகமான பகுதி. நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்து எழுதிய முதல் இரண்டு ஆண்டுகள் நான் மோசமான விமர்சகனாக இருந்தேன். முன்பு இருந்ததைவிட மோசம். எந்தத் தட்டைக் கேட்டாலும் அந்தப் பையனின் மணிக்கட்டு நினைவுக்கு வரும். பாவம், எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று தோன்றும். பாடுபட்டதற்காக வாசகர் காசு கொடுத்துத் தட்டு வாங்க வேண்டியதில்லை. அன்றைய என் ஆசிரியர் ஒருநாள் அழைத்து, “நீ இப்போதெல்லாம் விமர்சனம் எழுதுவதில்லை, துக்கம் விசாரிக்கிறாய்” என்றார். கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் என் பழைய பக்கங்களைப் படித்துப் பார்த்தபோது கோபம் போய்விட்டது.

அதிலிருந்து மீண்டு வர ஒரு வழி கிடைத்தது. இன்றுவரை அதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு பதிவில் இருக்கும் குறைகள் இரண்டு வகை. குழு தேர்ந்தெடுத்தவை, குழுவுக்கு நேர்ந்தவை. தாழ்ந்த கூரையும் தீர்ந்துபோன வாடகை நேரமும் நேர்ந்தவை. அந்த அறையில் நின்றுகொண்டு ஃபில் காலின்ஸின் ஒலிதான் வேண்டும் என்று ஐந்து மணி நேரம் பிடிவாதம் பிடித்தது நாங்கள் தேர்ந்தெடுத்தது. கம்பளமும் தாழ்ந்த கூரையும் கொண்ட அறையில் என்ன ஒலி வருமோ அதை வைத்துப் பாட்டைக் கட்டியிருக்கலாம். கட்டத் தோன்றவில்லை. எங்களைப் பற்றி எழுதியவர் அதைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு வலித்திருக்கும், ஆனால் அடுத்த தட்டு நன்றாக வந்திருக்கும். தேர்வை அடி, நேர்ந்ததை விடு. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கும் காது எனக்கு வெளியிலிருந்து வரவில்லை. உங்கள் விதி தடுக்கும் இடத்துக்குப் போய்த்தான் கிடைத்தது. ஒருவேளை வேறு சிலருக்குப் போகாமலே கிடைத்திருக்கும். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விமர்சகர் ஒருவருக்குக் கைதட்டினால்கூடத் தாளம் தப்பும்.

பதினொரு மாதம் என்பது சரியான அளவு என்றும் இப்போது நினைக்கிறேன். இன்னும் ஐந்தாண்டு இருந்திருந்தால் நான் கேட்பவனாகத் திரும்பி வந்திருக்க மாட்டேன். சக தொழிலாளிகளின் தட்டுகளைச் சக தொழிலாளியாகவே கேட்டிருப்பேன். பொறாமையோ விசுவாசமோ ஏதாவது ஒன்று காதில் அடைத்திருக்கும்.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. நண்பன் தட்டைத் தூக்கிவிடுவார்கள், போட்டிக் குழுவை மிதிப்பார்கள் என்ற அச்சம். அது நடந்திருக்கிறது. ஆனால் அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் எந்தக் குழுவிலும் இருந்தவர்கள் இல்லை. தட்டு நிறுவனம் எடுத்துக் கொடுத்த விமான டிக்கெட்டில் பேட்டிக்குப் போய் நிறுவனத்தின் செலவிலேயே சாப்பிட்டவர்கள். நானும் போயிருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருந்தது. அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. 40 பேருக்கு முன்னால் பேஸ் வாசிக்கும் பெண்தான் ஆபத்து என்கிறீர்கள்.

நான் கேட்பது அதிகம் இல்லை. அந்த ஐந்தாண்டு விதியை எடுத்துவிடுங்கள். அவள் குழுவின் பதிவை வெளியிடும் நிறுவனத்தின் தட்டுகளையும், அவளோடு மேடையைப் பகிர்ந்தவர்களின் தட்டுகளையும் அவளுக்குக் கொடுக்காதீர்கள். மதிப்புரைக்குக் கீழே ‘இவர் ஒரு குழுவில் பேஸ் வாசிக்கிறார்’ என்று ஒரு வரி அச்சிடுங்கள். மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார். இன்னொன்று, இது அவள் கேட்கச் சொல்லாதது: தட்டு கைக்கு வந்த அன்றே மதிப்புரை வேண்டும் என்று கேட்பதை நிறுத்துங்கள். மூன்று முறையாவது கேட்க நேரம் கொடுங்கள். வியாழக்கிழமை அறை போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை, அது இப்போது எல்லோருடைய வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

‘சவுண்ட்ஸ்’, ‘ரெக்கார்டு மிரர்’ இரண்டும் 1991-ல் போயின. ‘மெலடி மேக்கர்’ 2000-ல், ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 2006-ல், ‘க்யூ’ 2020-ல். ‘என்எம்இ’ வாரத்தாளாக வருவது 2018-ல் நின்றது. எழுத இடமே இத்தனை சுருங்கிப்போன பிறகு, எழுத வருகிறவர்களையும் வாசலில் நிறுத்திச் சோதனை போடுகிறீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் 500 தட்டுகளில் 312 இன்னும் என்னிடம் இருக்கின்றன. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. 1983-ல் உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பியவை எந்தக் கடைக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. முகவரி அனுப்பினால் ஆளுக்கு ஒன்று மறுபடி அனுப்பி வைக்கிறேன். இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். அதில் டிரம்ஸ் கிடையாது.

இப்படிக்கு,
கீபோர்டு வாசித்தவர்